ஒரே அப்பம், இரண்டு பந்தி

அந்தியோக்கியாவில் பேதுரு பந்தியிலிருந்து விலகியதைக் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதியிருக்கிறார். யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவர் பேதுரு. எருசலேமிலிருந்து யாக்கோபைச் சேர்ந்த சிலர் வந்ததும் ஒதுங்கிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் ஒதுங்கினார்கள், பர்னபா உட்பட. பேதுரு எந்த விசுவாசப் பிரமாணத்தையும் மறுக்கவில்லை. உயிர்த்தெழுதலைச் சந்தேகிக்கவில்லை. போதனையில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. சாப்பிட உட்கார்ந்த இடத்தை மட்டும் மாற்றினார். அதையே சுவிசேஷத்தின் சத்தியத்திலிருந்து வழிவிலகியதாகப் பவுல் கண்டார். அத்தனை பேர் முன்னிலையில் முகத்துக்கு நேரே எதிர்த்தார்.

தமிழகத் திருச்சபையின் நானூறு ஆண்டு வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த அதிகாரத்துக்குத்தான் திரும்பி வருகிறேன். சாதியை என்ன செய்வது என்ற கேள்வி இங்கே வந்த ஒவ்வொரு மிஷனின் முன்னும் எழுந்தது. பெரும்பாலும் அது ஒரே வடிவத்தில் கேட்கப்பட்டது: சாதி சமயத்தைச் சேர்ந்ததா, சமூக வழக்கமா? சமயம் என்றால் ஞானஸ்நானத்தோடு அது ஒழிய வேண்டும். வழக்கம் என்றால் வேட்டியையும் குடுமியையும்போல அதுவும் இருந்துவிட்டுப் போகலாம். கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஆங்கிலிக்கரும் இதற்கு வெவ்வேறு பதில் சொன்னார்கள். 1950-க்குப் பிறகு இந்திய அரசும் தன் பதிலைச் சொன்னது. அந்தப் பதில்களை வரிசையாகப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வியே தவறான இடத்தில் கேட்கப்பட்டது. யூதரின் உணவு விலக்கு சமயமா, வழக்கமா என்று பவுல் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. எங்கிருந்து வந்ததாக இருந்தாலும், கிறிஸ்துவின் பந்தியைப் பிரித்த கணத்தில் அது சுவிசேஷத்தின் காரியமாகிவிட்டது.

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட்டோ தெ நொபிலி, தத்துவ போதக சுவாமி என்று தமிழர் அறிந்தவர், இந்தக் கேள்விக்கு முதல் விரிவான பதிலைத் தந்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை குலத்தையும் நாகரிகத்தையும் காட்டும் அடையாளங்கள், வழிபாட்டுச் செயல்கள் அல்ல என்று வாதிட்டார். நீண்ட விவாதத்துக்குப் பின் 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர், மூடநம்பிக்கை கலக்காத அளவில் அவற்றை அனுமதித்தார். நொபிலியின் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சமஸ்கிருதமும் தமிழும் கற்று, தமிழ் உரைநடையில் இறையியல் எழுதியவர் அவர். ஐரோப்பியராக மாறினால்தான் கிறிஸ்தவராகலாம் என்ற எண்ணத்தை உடைத்ததற்கு நாம் எல்லாரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் தீர்வுக்குள் ஒரு விலையும் மறைந்திருந்தது. உயர்குலத்தாரிடம் பழகிய சந்நியாசி சுவாமி, தாழ்த்தப்பட்டோரிடம் வெளிப்படையாகப் பழகினால் மதிப்பை இழந்துவிடுவார். அதனால் 1640 முதல் பண்டார சுவாமிகள் என்ற வேறொரு குருக்கள் வரிசை எல்லாருக்கும் ஊழியம் செய்யத் தொடங்கியது. ஒரே திருச்சபைக்கு இரண்டு விதமான குருக்கள் வந்துவிட்டார்கள். பூணூலை வழக்கம் என்று விட்டுக்கொடுக்கலாம். நோயாளியின் வீட்டுக்குள் குரு நுழைவதா வேண்டாமா என்பதும் வழக்கம்தானா? 1704-இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் வெளியிட்ட ஆணை, சாகும் தறுவாயில் இருக்கும் பறையர் வீட்டுக்குச் சென்றே குருக்கள் அருட்சாதனம் வழங்க வேண்டும் என்றது. அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே நிலைமையைக் காட்டுகிறது. நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஏற்றுக்கொண்ட வழி, பறையருக்கென்று தனிக் குருக்களை நியமிப்பது. பிரிவினையைத் திருத்த வந்த ஆவணமே பிரிவினைக்கு ஓர் ஒழுங்கையும் கொடுத்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையரையும் மற்றவரையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். அவர் கிறிஸ்தவர் அல்ல. சுவரை எதிர்த்துப் பறையர் கிறிஸ்தவர்களே முறையிட்டதையும் அதனால் எழுந்த சச்சரவையும் அவர் பதிந்து வைத்திருக்கிறார். இந்தச் செய்தி எனக்கு மிக முக்கியமானது. திருச்சபையில் சாதி எதிர்ப்பு என்றால் மிஷனெரிகள் தொடங்கிவைத்தது என்றோ, இருபதாம் நூற்றாண்டு அரசியலின் விளைவு என்றோ பேசுவோர் உண்டு. சுவரின் மறுபக்கம் உட்காரவைக்கப்பட்டவர்கள் 1745-இலேயே அதை எதிர்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

தரங்கம்பாடிக்கு வருவோம். 1706 ஜூலையில் லுத்தரன் மிஷனெரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் கரையிறங்கினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் ஞானஸ்நானம் கொடுத்த முதல் ஐந்து பேர் டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகள். 1715-க்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. சமயத்தை வீட்டு மொழியில் வாசித்துத் தன் மனச்சாட்சியால் ஏற்றுக்கொள்வது என்ற சீர்திருத்தக் கொள்கை தமிழ் மண்ணில் வேர்விட்ட இடம் அது. அந்த மண்ணில் முளைத்த மிக நல்ல பயிர் என்று நான் நினைப்பது இராஜநாயக்கனை. பறையர் குலத்தில் கத்தோலிக்கராகப் பிறந்து, தஞ்சை அரசரின் படையில் பணிசெய்து, அச்சிட்ட அந்தப் புதிய ஏற்பாட்டை வாசித்ததால் மனம் மாறித் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்தவர். உபதேசியாராகத் தஞ்சை நாட்டில் பல்லாண்டு உழைத்தார். துன்பங்களுக்கு நடுவே சபைகளைக் கட்டியெழுப்பினார்.

1733 டிசம்பரில் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குரு யார் என்ற பேச்சு வந்தபோது இராஜநாயக்கன் பெயரும் முன்வந்தது. அவருடைய தகுதியைப் பற்றிக் குறை சொல்லப்படவில்லை. சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் இராப்போஜனம் வாங்கமாட்டார்கள், தங்கள் வீட்டுக்குள் அவரை வரவிடமாட்டார்கள் என்பதுதான் தடை. 1741-இல் தியாகு குருவாக்கப்பட்டார். இராஜநாயக்கன் 1771-இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குருவின் தகுதி அருட்சாதனத்தின் பலனைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை என்று அகுஸ்தீனார் காலத்திலிருந்து மேற்கத்தியத் திருச்சபை போதித்துவந்தது. ஒழுக்கங்கெட்ட குரு கொடுத்தாலும் நற்கருணை நற்கருணைதான். லுத்தரன் விசுவாச அறிக்கையும் அதையே உறுதியாகச் சொல்லுகிறது. விசுவாசத்தில் சிறந்த ஒரு மனிதரின் கையோ, பிறப்பின் காரணமாக, அப்பத்தைப் பிட்டுக்கொடுக்கத் தகாத கையாக எண்ணப்பட்டது. பாவிக்கு விரிந்திருந்த கோட்பாடு பறையருக்கு விரியவில்லை. தரங்கம்பாடி மிஷனெரிகள் சாதியை ஆதரித்து ஒரு வேதாகம விளக்கமும் எழுதவில்லை. சபை உடைந்துவிடும் என்ற அச்சத்தில் ஒரு நியமனத்தைத் தவிர்த்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தவிர்ப்பே அவர்களுடைய உண்மையான இறையியலாகிவிட்டது. நம் நாட்டில் திருச்சபையின் இறையியலை அறிய விரும்புபவர் விசுவாச அறிக்கையை மட்டும் வாசித்தால் போதாது. யார் எங்கே உட்கார்ந்தார்கள், கிண்ணம் யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போனது, யாரை எங்கே புதைத்தார்கள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

தஞ்சையில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் காலத்திலும் இருக்கை தனித்தனிதான். கிண்ணம் ஒன்றாக இருந்த இடத்திலும் உயர்ந்தவர் எனப்பட்டோர் முதலில் பருகினார்கள், மற்றவர் பின்னர். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றபோது, ஒருவருக்கொருவர் காத்திருங்கள் என்று பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 11). தஞ்சையில் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்தது உண்மை. எப்போதும் ஒரே பக்கத்தார்தான் காத்திருந்தார்கள்.

1820களில் வந்த புதிய தலைமுறை மிஷனெரிகள் இதை மாற்ற முயன்றார்கள். அப்போது எதிர்த்து எழுதியவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸின் மாணவர், சரபோஜி மன்னரோடு பழகியவர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். தமிழ்க் கிறிஸ்தவ வழிபாடு இன்றும் அவர் கீர்த்தனைகளின் மேல் நிற்கிறது. புதிய மிஷனெரிகள் செய்த நான்கு கொடுமைகள் என்று அவர் எழுதியவற்றின் பட்டியல் என்னை எப்போதும் நிம்மதியிழக்கச் செய்கிறது. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. திருமணத்திலும் அடக்கத்திலும் பூ வைப்பதைத் தடுப்பது ஒன்று. கோயிலில் தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் நிறுத்துவது ஒன்று. சாதிகளைக் கட்டாயமாக ஒன்றாக்குவது மற்றொன்று. முதல் மூன்றிலும் அவர் பக்கம்தான் நான் நிற்பேன். நம் பூவையும் நம் பாட்டையும் பறிக்க எந்த மிஷனெரிக்கும் உரிமையில்லை. ஆனால் சாதியையும் அதே பட்டியலில், பூவுக்கும் பாட்டுக்கும் பக்கத்தில், நம் பண்பாட்டின் பகுதியாகவே வைத்துவிட்டார். இந்தச் சிக்கல் அவரோடு முடியவில்லை. மண்ணுக்கேற்ற திருச்சபை, தமிழ்ப் பண்பாட்டில் வேரூன்றிய வழிபாடு என்று இன்று நாம் பேசும்போதும் எந்தத் தமிழரின் பண்பாடு என்று கேட்டாக வேண்டும்.

1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேறுபாட்டை முற்றாக, உடனடியாக விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். இறையியலில் அவர் சொன்னது சரி. அதைச் செய்த விதம் காலனியாதிக்க விதம்: மேலிருந்து வந்த உத்தரவு, மறுத்தால் சபை நீக்கம். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். 1840களில் மிஷன்கள் சமபந்தியை ஒரு பரீட்சையாகவே வைத்தன. தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சாப்பிட மறுக்கும் உபதேசியாரின் வேலை போகும். அன்பின் விருந்து தேர்வுக்கூடமாக மாறியது எனக்கு வருத்தந்தான். அப்படியானாலும் எதைப் பரீட்சிக்க வேண்டும் என்பதை அவர்கள் சரியாகவே கண்டிருந்தார்கள்.

லைப்சிக் மிஷன் வேறு வழி எடுத்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர், 1849 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் தங்கி நிலைமையை ஆராய்ந்தார். சாதியில் சமயக் கூறும் உண்டு, சமூகக் கூறும் உண்டு, முன்னதைக் களைந்தால் போதும், பின்னது நற்செய்தியின் புளித்த மாவால் மெல்ல மாறும் என்பது அவர் முடிவு. 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதிக்கு எதிராக எடுத்த தீர்மானத்தோடு லைப்சிக்காரர்கள் சேரவில்லை. ஆங்கிலிக்க சபைகளைவிட்டுப் போன வேளாளர் பலருக்கு லுத்தரன் கதவு திறந்திருந்தது. கட்டாயம் மனத்தை மாற்றாது என்று கிரவுல் சொன்னதில் உண்மை இருக்கிறது. மெல்ல மாறும் என்ற வாக்குறுதி கொடுக்கப்பட்டு நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன என்பதும் உண்மை.

கத்தோலிக்க வரலாற்றில் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தை விட்டுவிட முடியாது. 1745-இல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமான ஊர் அது. எல்லாச் சாதியாரோடும் அவர் சமமாகப் பழகியது உயர்குலத்தாரின் பகையை வளர்த்தது என்று அவர் வரலாறு சொல்லுகிறது. அதே ஊரில் 1870களில் எழுந்த கோயிலுக்கு இரண்டு உடல். வேளாளருக்கு ஒரு கூடம், நாடாருக்கு ஒரு கூடம், இரண்டும் ஒரே பீடத்தை நோக்கிச் சாய்ந்து வந்து சேரும். இரு சாதியாரும் ஒரே பூசையைக் காண்பார்கள், ஒருவரை ஒருவர் காணமாட்டார்கள். எபேசியர் நிருபம் கிறிஸ்து தகர்த்ததாகச் சொல்லும் பிரிவினைச் சுவரைக் கிறிஸ்துவின் பீடத்துக்கு முன்னாலேயே செங்கல்லும் சுண்ணாம்புமாக மீண்டும் எழுப்பியிருந்தார்கள். 1910-இல் மேற்றிராணியார் பார்த்தின் காலத்தில் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. வேளாளர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிய தனியுரிமையை ஏற்கவில்லை. 2022 மே மாதம் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, பலருடைய வேண்டுகோளுக்குப் பின், அவர் பெயரிலிருந்து ‘பிள்ளை’ நீக்கப்பட்டிருந்தது. பட்டத்தை நீக்கியதை வெறும் சடங்கு என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி எண்ணவில்லை. பீடத்தில் எந்தப் பெயரைச் சொல்லி மன்றாடுகிறோம் என்பது வழிபாட்டின் உள்ளடக்கத்தைச் சேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குறிப்பாக 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தை ஒட்டி, கிராமம் கிராமமாகத் தாழ்த்தப்பட்ட மக்கள் திருச்சபைக்கு வந்தார்கள். சோற்றுக்காக வந்தவர்கள் என்று அவர்களை இகழ்ந்தவர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பசித்தவன் அப்பம் கொடுக்கும் கடவுளைத் தேடி வருவதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் வரவால் திருச்சபையின் முகமே மாறியது. பள்ளிகள் பெருகின. எழுத்தறிந்த முதல் தலைமுறை பல சேரிகளில் மிஷன் பள்ளியிலிருந்துதான் வந்தது. இதைச் சொல்லாமல் குறைகளை மட்டும் அடுக்கினால் அது நியாயமான வரலாறு ஆகாது.

1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கரும் மெத்தடிஸ்டுகளும் பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் ஒன்றானதை உலகத் திருச்சபையே வியந்து பார்த்தது. பேராயர் ஊழியத்தை எப்படி ஏற்பது என்று பல ஆண்டு விவாதித்துத் தீர்வு கண்டார்கள். லண்டனில் பிரிந்தவை சென்னையில் ஒன்றாயின. ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் நடுவிலிருந்த பிரிவு அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் அதே அளவு இடம் பெறவில்லை. ஆனாலும் 1950-இல் வந்த புதிய திருவிருந்து ஆராதனை முறையில் ஒரு செயல் இருக்கிறது. சமாதானம் கொடுக்கும்போது குருவானவரின் கையிலிருந்து தொடங்கிக் கைமாறிக் கைமாறிச் சபை முழுவதும் அது போகும். சுரியானி மரபிலிருந்து எடுத்தது. தொட்டால் தீட்டு என்று பல நூற்றாண்டு வாழ்ந்த சமூகத்தில், தொடாமல் திருவிருந்துக்குப் போக முடியாதபடி ஓர் ஆராதனை ஒழுங்கு அமைந்தது. எந்தப் பிரசங்கத்தைவிடவும் அந்த ஒரு ஒழுங்கு ஆழமான போதனை என்று நான் நம்புகிறேன். கொரோனாவுக்குப் பிறகு பல சபைகள் கைகூப்பிச் சமாதானம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டன. பொதுக் கிண்ணத்துக்குப் பதில் சிறுசிறு தனிக் கிண்ணங்கள் வந்தன. நோய்க்காலத்தில் அது தேவைப்பட்டது. நோய் தணிந்த பிறகும் அதை அப்படியே வைத்துக்கொள்வதானால், இந்த மண்ணில் ஒரே கிண்ணத்துக்காக யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். வசதி என்ற ஒரே காரணம் போதாது.

கோட்பாட்டு அளவில் பெரிய திருப்பம் 1981-இல் நேர்ந்தது. மராட்டியத் தலித் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பின்னர் சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல் கல்லூரியில் அதற்கென ஒரு துறையே உருவாயிற்று. அதுவரை இந்தியக் கிறிஸ்தவ இறையியல் என்று பெயர் பெற்றது யாரோடு உரையாடியது? பிரம்மபாந்தவ் உபாத்யாயா வேதாந்தத்தோடு பேசினார். பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி பக்தி மரபோடு பேசினார். 1938 தாம்பரம் மாநாட்டை ஒட்டிச் செஞ்சையாவும் சக்கரையும் கிறிஸ்தவத்தை மறுசிந்தனைக்கு உட்படுத்தினார்கள். நல்ல மனிதர்கள், ஆழ்ந்த சிந்தனையாளர்கள். அவர்கள் உரையாடிய சமய மரபுகளில், சபையில் பெரும்பான்மையாக உட்கார்ந்திருந்த மக்களின் அனுபவத்துக்கு இடமில்லை என்று நிர்மல் சுட்டிக்காட்டினார். உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் தங்கள் அலைந்து திரிந்த முன்னோரை நினைத்துச் செய்யும் அறிக்கையை எடுத்து, தலித் கிறிஸ்தவர் தங்கள் முன்னோரின் இழிவை மறைக்காமல் அறிக்கையிடுவதே விசுவாச அறிக்கை என்றார். இயேசுவையே தலித்தாகக் கண்டார். அந்தக் கடைசிக் கூற்றோடு மல்லுக்கட்டிய பலரில் நானும் ஒருவன். வாசலுக்கு வெளியே பாடுபட்டவர் என்று எபிரெயர் நிருபம் சொல்வதைச் சேரியிலிருந்து வாசித்தால் வேறு எப்படி வாசிக்க முடியும் என்ற கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

நிர்மல் ஆங்கிலத்தில் சொன்னதற்கு மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், தியோபிலஸ் அப்பாவு தமிழில் உருவம் கொடுத்தார். மக்கள் அவரைப் பரட்டை என்று அழைத்தார்கள். நாட்டுப்புற மெட்டில், பறையோடு, பேச்சுத் தமிழில் ஒரு முழு ஆராதனை முறையை அமைத்தார். கடவுளைத் தாயும் தகப்பனுமான பெற்றவராக அழைத்தார். அவரவர் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுச் சமைத்துப் பகிர்ந்து உண்பதுதான் திருவிருந்தின் உள்ளுறை என்பது அவர் இறையியலின் மையம். கர்நாடக சங்கீத மெட்டுகளில் அமைந்த கீர்த்தனை மரபை அவர் விமர்சித்ததில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சாஸ்திரியாரின் பாட்டைத் தலித் சபைகளும் தங்களுடையதாக்கிக்கொண்டுவிட்டன, அந்த உரிமையையும் மதிக்க வேண்டும். ஆனால் சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்ட பறை திருவிருந்து மேசைக்கு அருகில் வந்தது எந்தப் பெரிய மாநாட்டுத் தீர்மானத்துக்கும் குறைந்ததல்ல. தெற்கத்திச் சபைகளில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அசனம் தெரியும். வீடுவீடாக அரிசியும் காய்கறியும் சேர்த்துப் பெரிய அண்டாக்களில் சமைத்து ஊரே உட்கார்ந்து சாப்பிடும் நாள். பரட்டை ஐயர் தேடிய ஒரே உலை நம் சேகரங்களிலேயே இருக்கிறது. யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், அடுத்த சேகரத்துத் தலித் சபையார் அந்தப் பந்தியில் இருக்கிறார்களா என்று கேட்டால்தான் அதன் பொருள் முழுமையாகும்.

இன்றைய நிலைமை என்ன? 1991-இல் கத்தோலிக்க ஆயர் பேரவைக் கூட்டத்தில் பாப்பரசரின் தூதர் ஜார்ஜ் சூர், கோயிலிலும் கல்லறையிலும் தலித் மக்களுக்குத் தனி இடம் ஒதுக்கப்படுவதையும், முடிவெடுக்கும் பொறுப்புகளில் அவர்கள் இல்லாததையும் ஆயர்களின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அடுத்த ஆண்டு வந்த பாமாவின் ‘கருக்கு’ கன்னியர் மடங்களுக்குள் இருக்கும் சாதியை உள்ளிருந்து எழுதியது. 2003-இல் தமிழக ஆயர்களிடம் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில் வன்னியக் கிறிஸ்தவருக்கும் தலித் கிறிஸ்தவருக்கும் மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அங்கே தலித் மக்கள் கேட்டது தனிப் பங்கு. ஒன்றாக இருக்க மறுக்கப்பட்டவர்கள் பிரிந்திருக்கவாவது விடுங்கள் என்று கேட்கும் நிலை வந்தது. திருச்சட்டம் அறிந்த எந்த ஆயருக்கும் இதைவிடக் கடினமான மனு வந்திருக்காது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் மக்களின் குழிகளைப் பிரித்து நிற்கும் சுவர் நாடறிந்தது. 2016-இல் ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு அதைப் பாவம் என்று அறிவித்தது. சீர்திருத்தச் சபைகளில் அதே தெளிவோடு ஓர் ஆவணம் வர வேண்டும். கோயிலுக்குள் இருக்கை பிரிவு பெரும்பாலும் போய்விட்டது என்று நாம் ஆறுதல் கொள்ளுகிறோம். திருமண்டலத் தேர்தலில் எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு என்று எண்ணுவதும், இந்தச் சேகரத்துக்கு இந்தச் சாதி ஐயர்தான் வேண்டும் என்று கேட்பதும் சபையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பெந்தெகொஸ்தே சபைகளில் பாயில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அது பெரிய விடுதலை. அங்கேயும் கல்யாணப் பேச்சு வந்தால் பூர்வீகம் விசாரிக்கப்படுகிறது. மணமகள் தேவை விளம்பரங்களில் சபையின் பெயரும் சாதியின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகின்றன.

இதையெல்லாம் வெளியே பேசாதீர்கள், மதவெறியர் கையில் ஆயுதமாகும் என்று எனக்கு அறிவுரை சொன்ன பெரியவர்கள் உண்டு. அவர்கள் கவலை பொய்யல்ல. சிறுபான்மையினர் மீது பகை வளர்க்கப்படும் காலம் இது. ஆனால் மௌனத்தின் சுமை யார் தோளில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். சபையின் நற்பெயரைக் காக்கும் பொறுப்பு, சபையில் அவமதிக்கப்பட்டவர்கள்மேல் விழக்கூடாது.

மௌனம் சட்டத்தின் முன்னும் தோற்றுப்போகிறது. 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். சாதி சமயமா, வழக்கமா என்ற பழைய கேள்விக்கு அரசு சொன்ன பதில் அது: இந்து சமயத்தைவிட்டால் சாதி விட்டுப்போகும். தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, பட்டியல் சாதித் தொழிலாளருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். 1985-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அதனால் வரும் இழிவும் ஒடுக்குமுறையும் புதிய சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது நீதிமன்றம். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்கு அந்த உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. எல்லாத் திருச்சபைகளும் கோரிக்கையின் பின்னால் நிற்கின்றன. ஊர்வலம் நடத்துகின்றன. நானும் அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்ட ஆதாரம் எங்கே இருக்கிறது? தலித் கிறிஸ்தவரை ஊராரும் ஒதுக்குகிறார்கள் என்பது அதில் ஒரு பாதி. மறுபாதி நம் பங்குகளிலும் சேகரங்களிலும் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் வரைபடம், தேர்பவனி எந்தத் தெருவரை போகிறது என்ற ஒழுங்கு, குருமாணவர் தேர்வுப் பதிவு, பள்ளி கல்லூரி நியமனக் கோப்பு, கோயிலில் வாசித்த கல்யாண ஓலைகள் எல்லாமே அந்த ஆதாரங்கள். பீடத்தில் நின்று எங்களுக்குள் சாதி இல்லை என்றும், தில்லியில் நின்று எங்களுக்குள் சாதி இருக்கிறது என்றும் ஒரே சபை சொல்ல முடியாது. தில்லியில் சொல்வதுதான் உண்மை. அந்த உண்மையைப் பீடத்திலும் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் திருவிருந்துக்கு முன் நாம் பொதுவாகப் பாவ அறிக்கை செய்கிறோம். ஒவ்வொரு திருமண்டலமும் மறைமாவட்டமும் தன் பதிவேடுகளைத் திறந்து, எந்த ஊரில் எந்தச் சுவர், எந்த வேலையில் யாருக்கு மறுப்பு என்று பெயரிட்டு அறிக்கையிட்டு, தானே கையெழுத்திட்டு அதை நீதிமன்றத்திலும் ஆணையத்திலும் சாட்சியமாகக் கொடுக்கட்டும். அதற்குமுன், மேலப்புதூரில் நிற்கும் சுவரைப் போன்றவற்றை இடிக்க எந்த ஆணையத்தின் பரிந்துரைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கான அதிகாரம் ஆயர்களிடமே இருக்கிறது.